காரணம் புலப்படாத செரியாமை: நோயறிதலின் வரலாறு

உண்டபின் வயிறு கனத்தல், சிறிது உண்டதுமே வயிறு நிறைந்துவிடுதல், மேல்வயிற்றில் வலி, எரிச்சல் ஆகியவை மாதக்கணக்கில் நீடித்தும், சோதனைகளில் புண்ணோ கட்டியோ காணப்படாத நிலை செயல்பாட்டுச் செரியாமை எனப்படும். பேச்சுவழக்கில் இத்தொல்லைகளைப் பொதுவாக அசீரணம் என்கிறோம். கருவிகள் காட்டாத ஒரு நோயை எவ்வாறு உறுதிசெய்வது என்பது மருத்துவ வரலாற்றில் நெடுங்காலம் நீடித்த கேள்வியாகும்.

தொடக்கக் கருத்துகள்

ஸ்காட்லாந்து மருத்துவர் வில்லியம் கல்லன், 1769-இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டில் செரியாமையை நரம்பு சார்ந்த நோய்களுடன் சேர்த்தார். 1822-இல் அமெரிக்காவின் மேக்கினாக் தீவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்பவர் துப்பாக்கிக் காயம்பட்டார். அவர் உயிர் பிழைத்தாலும், இரைப்பைவரை சென்ற துளை முழுமையாக மூடவில்லை. அத்துளை வழியாகச் செரிமானத்தை ஆராய்ந்த மருத்துவர் வில்லியம் போமண்ட், தம் முடிவுகளை 1833-இல் நூலாக வெளியிட்டார். அச்சமும் கோபமும் இரைப்பையின் சுரப்பைப் பாதிப்பதை அவர் அதில் குறித்துள்ளார். மனநிலைக்கும் வயிற்றுக்கும் உள்ள தொடர்பு இவ்வாறு நேரடியாகக் காணப்பட்டது.

டார்வினின் உடல்நலக் குறிப்பேடு

இயற்கை அறிவியலாளர் சார்லசு டார்வின் பல்லாண்டுகள் வாந்தி, வயிற்று உப்புசம், களைப்பு ஆகியவற்றால் துன்புற்றார். 1849-இல் மால்வெர்ன் நகரில் மருத்துவர் ஜேம்ஸ் கல்லியிடம் நீர்ச் சிகிச்சை பெற்றார். அவ்வாண்டு முதல் 1855 வரை தம் உடல்நிலையை நாள்தோறும் எழுதிவைத்தார். பகலும் இரவும் எப்படிக் கழிந்தன, என்ன சிகிச்சை செய்துகொண்டார் என்பவற்றைச் சுருக்கமாகக் குறித்தார். நலமாக இருந்த நாள்களுக்கு இரட்டைக் கோடிட்டார். அவருடைய நோய் இன்னதென்று இன்றுவரை ஒருமித்த முடிவு இல்லை. ஆயினும் அதை ஆராய்வோருக்கு அக்குறிப்பேடே முதன்மைச் சான்றாக உள்ளது.

கருவிகளின் காலம்

1895-இல் எக்சு கதிர் கண்டுபிடிக்கப்பட்டது. 1957-இல் பேசில் ஹிர்ஷோவிட்சு வளையும் இழை உள்நோக்கியை அறிமுகப்படுத்தினார். 1982-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் இரைப்பையில் வாழும் எலிக்கோபாக்டர் பைலோரி என்னும் பாக்டீரியாவை வளர்த்துக் காட்டினர். மனஅழுத்தத்தால் வருவதாகக் கருதப்பட்ட குடற்புண்கள் பலவற்றுக்கு அதுவே காரணம் எனத் தெரிந்தது. இதற்காக இருவரும் 2005-இல் நோபல் பரிசு பெற்றனர். இத்தனை கருவிகள் வந்தபின்னும், சோதனை முடிவு இயல்பாக இருக்கத் தொல்லை மட்டும் தொடர்ந்தவர்கள் பலர். "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்ற சொல் அவர்களுக்கு ஆறுதலாகவில்லை.

உரோம் அளவுகோல்கள்

பல நாட்டு வல்லுநர்கள் கூடி, அறிகுறிகளைக் கொண்டே இந்நோயை வரையறுத்தனர். 2006-இல் வெளியான மூன்றாம் உரோம் அளவுகோலின்படி, தொடக்கத்தில் சொன்ன நான்கு அறிகுறிகளுள் ஒன்றேனும் கடந்த மூன்று மாதங்களாக இருக்கவேண்டும். அது தொடங்கி ஆறு மாதங்களேனும் ஆகியிருக்கவேண்டும். உள்நோக்கிச் சோதனையில் வேறு காரணம் தென்படக்கூடாது. 2016-இல் வந்த நான்காம் பதிப்பும் இக்கால அளவுகளைத் தொடர்கிறது.

ஆகவே நோயாளி தேதியிட்டு எழுதும் குறிப்பு, நோயறிதலுக்குப் பெரிதும் உதவும். எப்போது உண்டோம், என்ன உண்டோம், எவ்வளவு நேரத்தில் தொல்லை தொடங்கியது என்பன அதில் இடம்பெறுவது நன்று. எனினும் எடைக்குறைவு, இரத்த வாந்தி, கறுத்த மலம், விழுங்குவதில் சிரமம் ஆகியவை இருந்தால் குறிப்பெழுதிக் காத்திராமல் உடனே மருத்துவரை அணுகவேண்டும்.