லினக்ஸில் வணிகத் தரவுத்தளங்கள்

லினக்ஸில் வணிகத் தரவுத்தளங்கள் என்பது, ஆரக்கிள், டிபி2 போன்ற உரிமக் கட்டணம் பெறும் தரவுத்தள மேலாண்மை மென்பொருட்களை, யுனிக்ஸ் வகைக் கட்டற்ற இயங்குதளமான லினக்ஸில் நிறுவி இயக்குவதைக் குறிக்கும். இவ்வமைப்பில் இயங்குதளத்தின் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம். தரவுத்தளத்தின் மூலநிரல் அதை விற்கும் நிறுவனத்திடமே இருக்கும்.

வரலாறு

1990களில் பெரிய தரவுத்தளங்கள் பெரும்பாலும் சொலாரிஸ், ஏஐஎக்ஸ் போன்ற வணிக யுனிக்ஸ் இயங்குதளங்களில், விலையுயர்ந்த வழங்கிக் கணினிகளில் இயங்கின. 1998இல் இன்ஃபார்மிக்ஸ், ஆரக்கிள், சைபேஸ் ஆகியவை லினக்ஸுக்கான பதிப்புகளை வெளியிட்டன. இதனால் மலிவான இன்டெல் வகைக் கணினிகளிலும் அவற்றை இயக்க முடிந்தது. மைக்ரோசாப்டின் எஸ்கியூஎல் சர்வர் 2017இல் லினக்ஸுக்கு வந்தது.

மற்றொரு கட்டற்ற இயங்குதளமான ஃபிரீபிஎஸ்டிக்கு ஆரக்கிள் தனிப்பதிப்பு வெளியிடவில்லை. லினக்ஸ் நிரல்களை இயக்கும் அதன் ஒத்தியல்பு வசதியைக் கொண்டு ஆரக்கிள் 8.0.5 பதிப்பை நிறுவும் முறையை ஃபிரீபிஎஸ்டி கையேடு விளக்கியது.

நிறுவுதல்

ஆரக்கிள் தரவுத்தளத்தை இயக்க, மூலப் பயனருக்குப் பதிலாகத் தனிப் பயனர் கணக்கும் குழுவும் உருவாக்கப்படுகின்றன. தரவுத்தளத்தின் பல செயல்கள் ஒரே நினைவகப் பகுதியைப் பகிர்ந்து கொள்கின்றன. எனவே பகிர்வு நினைவகத்தின் உச்ச அளவு, ஒரே நேரத்தில் திறக்கக்கூடிய கோப்புகளின் எண்ணிக்கை முதலிய கருனி அளவுருக்களை முன்னரே உயர்த்த வேண்டும். இவை போதாவிடில் தரவுத்தளம் தொடங்காமல் போகலாம்.

சான்றளிப்பு

லினக்ஸ் வழங்கல்கள் பல இருப்பினும், ஆரக்கிள் தன் முழுப் பதிப்புகளுக்கு ரெட்ஹாட் எண்டர்பிரைஸ், சூசே எண்டர்பிரைஸ், 2006இல் தானே தொடங்கிய ஆரக்கிள் லினக்ஸ் போன்ற சிலவற்றுக்கே சான்றளிக்கிறது. பிற வழங்கல்களிலும் மென்பொருள் இயங்கக்கூடும். ஆயினும் பழுது நேர்ந்தால் நிறுவனத்தின் உதவியை எதிர்பார்க்க இயலாது. வங்கி, மருத்துவமனை போன்ற இடங்களில் இது முதன்மையான சிக்கலாகும். இயங்குதளத்தைத் தெரிவு செய்யும் உரிமை நடைமுறையில் தரவுத்தள நிறுவனத்தின் பட்டியலுக்குள் சுருங்கிவிடுகிறது.

தமிழ்நாடும் இந்திய அரசும்

சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் 2007இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்டது. ஆரக்கிள் முழுப் பதிப்புகளுக்கான சான்றுப் பட்டியலில் டெபியன் இல்லை. எனவே பாஸ் பயன்படுத்தும் அலுவலகத்துக்கு ஆரக்கிளும் தேவைப்பட்டால், மேசைக் கணினிகளில் பாஸையும் வழங்கிக் கணினியில் சான்று பெற்ற வேறொரு வழங்கலையும் வைத்துக்கொள்ளலாம். போஸ்ட்கிரெஸ்கியூஎல் போன்ற கட்டற்ற தரவுத்தளத்துக்கு மாறுவது மற்றொரு வழியாகும். அரசுப் பணிகளில் திறமூல மென்பொருளுக்கு முன்னுரிமை அளிக்கும் கொள்கையை இந்திய அரசு 2015இல் வெளியிட்டது.

கட்டணமில்லாப் பதிப்புகள்

மாணவர்கள் ஆரக்கிளின் எக்ஸ்பிரஸ் பதிப்பைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். 2018இல் வந்த 18சி எக்ஸ்பிரஸ் பதிப்பு 12 கிகாபைட்டு பயனர் தரவுக்கும் 2 கிகாபைட்டு நினைவகத்துக்கும் வரம்பிடப்பட்டது. இவை விலையின்றிக் கிடைப்பினும் மூலநிரல் திறக்கப்படாதவை; ஆதலால் கட்டற்ற மென்பொருட்கள் ஆகா.

இவற்றையும் பார்க்க

தரவுத்தளம்
கட்டற்ற மென்பொருள்
பாஸ் லினக்ஸ்