அரசியல் நிர்ணய சபையின் மொழி விவாதம் (1949)

இந்திய ஒன்றியத்தின் ஆட்சிமொழியை முடிவு செய்ய அரசியல் நிர்ணய சபை 1949 செப்டம்பர் 12 முதல் 14 வரை நடத்திய விவாதம் மொழி விவாதம் எனப்படுகிறது. கருத்து வேறுபாடு முற்றிய ஒரு கூட்டத்தை எவ்வாறு நடத்தி முடிப்பது என்பதற்கு இது சிறந்த சான்றாகும்.

பின்னணி

இந்தியே ஆட்சிமொழியாக வேண்டும் என்றோர் ஒருபுறம் நின்றனர். ஆங்கிலம் உடனே நீங்கினால் தம் மக்கள் பின்தங்குவர் என்று அஞ்சிய தென்னக உறுப்பினர்கள் மறுபுறம் நின்றனர். எண்களைத் தேவநாகரி வடிவில் எழுதுவதா என்பதிலும் பூசல் எழுந்தது. கே. எம். முன்ஷியும் என். கோபாலசாமி ஐயங்காரும் ஒரு சமரச வரைவை உருவாக்கினர். அதற்கு முன்னூறு அளவில் திருத்தங்கள் வந்தன.

தலைவரின் வழிகாட்டல்

சபைத் தலைவர் இராஜேந்திர பிரசாத் தொடக்கத்திலேயே இரண்டு செய்திகளை வலியுறுத்தினார். முதலாவது, பிறர் மனம் புண்படும் ஒரு சொல்லும் வரக்கூடாது. இரண்டாவது, பெரும்பான்மையால் வென்றாலும், வடக்கிலோ தெற்கிலோ கணிசமான மக்கள் ஏற்காத முடிவை நடைமுறைப்படுத்துவது கடினம். எனவே, வாதத்தில் வெல்வதைவிட அனைவரும் ஏற்கும் முடிவைக் காண்பதே நோக்கம் என்பது முதலிலேயே தெளிவானது.

விவாதமும் முடிவும்

கோயம்புத்தூரைச் சேர்ந்த டி. ஏ. இராமலிங்கம் செட்டியார் உள்ளிட்டோர் தென்னகத்தின் கவலையை எடுத்துரைத்தனர். மூன்றாம் நாளில் அவைக்கு வெளியே நடந்த பேச்சுகளால் உடன்பாடு ஏற்பட்டது. அன்று மாலை ஆட்சிமொழிப் பகுதி நிறைவேறியது.

இதன்படி தேவநாகரி எழுத்தில் இந்தி ஆட்சிமொழியானது. எண்களுக்குப் பன்னாட்டு வடிவம் ஏற்கப்பட்டது. ஆங்கிலம் 15 ஆண்டுகள் தொடரவும், தேவையானால் அதன்பின் நாடாளுமன்றம் சட்டத்தால் நீட்டிக்கவும் வழி வைக்கப்பட்டது. நிறைவுரையில் பிரசாத் எத்தரப்பின் வெற்றியையும் பேசாமல், நாட்டின் ஒற்றுமையையே முன்னிறுத்தினார்.

ஒரு தவறான கருத்து

ஒரே வாக்கு வேறுபாட்டில் சபையில் இந்தி வென்றது என்று பலர் கூறுவர். சபையில் அப்படியொரு வாக்கெடுப்பு நடைபெறவில்லை. அம்பேத்கர் 1955இல் எழுதிய நூலில் குறிப்பிடுவது காங்கிரஸ் கட்சிக் கூட்டத்தின் வாக்கெடுப்பையே.

மதிப்பீடு

இந்த உடன்பாடு சிக்கலை முற்றாகத் தீர்க்கவில்லை, ஒத்திவைத்தது. 15 ஆண்டுக் கெடு முடிந்த 1965இல் தமிழ்நாட்டில் பெரும் கிளர்ச்சி எழுந்தது. ஆயினும் ஆங்கிலம் தொடர்வதற்கான 1963ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 1967ஆம் ஆண்டுத் திருத்தமும் 1949இல் திறந்துவைத்த வழியிலேயே வந்தன. தோற்றவர்க்கும் இடம் விட்டு முடித்த விவாதம், பிற்காலத்தில் மீண்டும் பேச இடமளித்தது.