பாண்டியன் குதிரைகளும் ஒரு கப்பல் ஒப்பந்தமும்

எங்க திருப்பாலைவனம் பக்கம் குதிரைன்னா ஐயனார் கோயில் மண்குதிரைதான். தீனியும் வேண்டாம், வைத்தியமும் வேண்டாம். ஆனால் இதே கடற்கரையில் வெகுதூரம் தெற்கே, தாமிரபரணி முகத்துவாரத்துக் காயல் துறைமுகத்தில், 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அரேபியக் குதிரைகள் கப்பல் கப்பலாக வந்து இறங்கின. 1290-களில் இங்கே வந்த மார்க்கோ போலோ சொல்லும் கணக்கு இது: பாண்டிய சகோதரர் ஐவரும் ஆளுக்கு ஆண்டுக்கு 2,000 குதிரைக்கு மேல் வாங்குவார்களாம், வருஷக் கடைசியில் நூறுகூடத் தேறாதாம். எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். ஆனால் பாரசீகத்தில் இருந்து எழுதிய வசாபும் இதே கதையைத்தான் சொல்கிறார்.

நம்ம ஆட்களுக்குக் குதிரை வளர்க்கத் தெரியவில்லை என்று இருவருமே சிரிக்கிறார்கள். சோற்றோடு இறைச்சியைக் கலந்து கொடுத்தார்கள் என்கிறார் போலோ. நெய் சேர்த்த தானியம், காய்ச்சிய பால், 40 நாள் லாயத்தில் கட்டிப்போட்டுக் கொழுக்க வைப்பது, பிறகு பழக்காமலே ஏறி விரட்டுவது என்கிறார் வசாப்.

இதைக் குதிரையின் வயிற்றுப் பக்கமிருந்து பாருங்க. அதன் இரைப்பை சின்னது, 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். தின்றாலும் தின்னாவிட்டாலும் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். அதைத் தணிக்கும் எச்சிலோ மெல்லும்போது மட்டும்தான் ஊறும். அதனால்தான் நாள் முழுக்க மேய்கிறது. ஓடும்போது வயிறு இறுகி, பாதுகாப்புப் படலம் இல்லாத மேல்பகுதிக்கு அமிலம் ஏறும், புண்ணாகும். இன்றைய பந்தயக் குதிரைகளிடம் இது சர்வ சாதாரணம். மாவுச்சத்து அதிகமானால் செரிக்காத மிச்சம் பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கும். வயிற்றுவலி வரும், குளம்புகூட வீங்கும். வாந்தி எடுத்துத் தப்பிக்கலாம் என்றால், குதிரையால் வாந்தி எடுக்கவே முடியாது.

ஆக தீனியில் தப்பு இருந்தது உண்மைதான். ஆனால் சிக்கல் லாயத்தில் தொடங்கவில்லை என்பது என் கணிப்பு. ஹோர்முஸ் கப்பல்கள் கயிற்றால் தைத்தவை. சரக்கை ஏற்றி, தோலால் மூடி, அதன்மேல் குதிரைகளை நிறுத்திக் கொண்டுவந்தார்கள் என்று போலோவே எழுதியிருக்கிறார். வாரக்கணக்கில் நின்றபடியே பயணம், அளந்து ஊற்றும் தண்ணீர், குறைந்த புல். தண்ணீர் குறைந்தால் பெருங்குடலில் தீனி காய்ந்து அடைத்துக்கொள்ளும். இறங்கும்போதே பாதி நோயாளிகள்.

இந்த வியாபாரத்தின் ஒப்பந்தத்தையும் வசாப் குறித்து வைத்திருக்கிறார். குதிரை ஒன்றுக்கு 220 பொன் தினார். வழியில் செத்தாலும் பாண்டியன் கஜானாவே அந்தப் பணத்தைக் கொடுக்கும். அப்புறம் கப்பல்காரன் எதற்கு இன்னொரு குடம் தண்ணீர் ஏற்றப்போகிறான்? ஆண்டுக்கு 1,400 குதிரை அனுப்ப ஒப்புக்கொண்டவர் கீஷ் தீவின் ஜமாலுதீன். பாண்டியனின் அமைச்சர் தகியுதீன் அவருடைய சகோதரர்.