கல்லில் ஓடிய படம்

சென்ற கோடை விடுமுறையில் ஒரு தொடர்கதையின் கடைசி அத்தியாயத்தை முடித்தாக வேண்டிய நெருக்கடி எனக்கு. என் ஒன்பது வயதுப் பையனோ கூடத்துக்கும் அறைக்குமாக ஓடி எழுத்தைக் குலைத்துக் கொண்டிருந்தான். கைப்பேசியை எடுத்து அவனிடம் கொடுத்தேன். வீடு நிசப்தமாயிற்று, அத்தியாயமும் முடிந்தது. மறுநாளும் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்து அதைத் திரும்ப வாங்கப் போனபோது பையன் அழவில்லை. "நீங்கதானேப்பா குடுத்தீங்க?" என்று மட்டும் கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை.

இந்தக் கவலை புதியதல்ல. திருச்சியில் ரயில்வே வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகப் புறப்பட்டார். கூடாரத்துக்குள் ஓடிய அந்த நிழலைப் பார்க்க ஜனங்கள் முண்டியடித்தார்கள். பெரியவர்களின் கவலையும் பின்னாலேயே வந்தது. 1918-இல் சினிமாச் சட்டம் பிறந்தது. 1920-இல் சென்னையில் தணிக்கைக் குழு அமைந்தது. 1927-இல் சென்னை வக்கீல் டி. ரங்காச்சாரியார் தலைமையில் ஒரு விசாரணைக் குழு நாடெங்கும் சுற்றிச் சாட்சியம் கேட்டது. வயது வந்தோருக்கு மட்டும் என்ற பிரிவு 1949-இல் ஏற்பட்டது. 1983-இல், பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்கள் பெற்றோர் வழிகாட்டுதலோடு பார்க்கலாம் என்று இன்னொரு பிரிவைச் சேர்த்தார்கள். 2023-இல் அதையே 7, 13, 16 என்று வயதுவாரியாகப் பிரித்தார்கள்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. 1949-இல் சட்டம் கேட்ட கேள்வி, "உள்ளே யார் போகலாம்?" என்பது. 1983-இல் கேட்டதோ, "பிள்ளையின் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?" என்பது. கொட்டகைக்கு ஒரு வாசல் உண்டு. அங்கே சட்டம் காவல் நிற்கலாம். கைப்பேசிக்கு வாசல் ஏது?

பக்கத்தில் இருப்பது என்றால் என்ன என்பதை எனக்குக் காட்டியவள் என் பாட்டி. காஞ்சீபுரம் பிள்ளையார்பாளையத்தில், தறிச் சத்தம் ஓயாத தெருவில், தொலைக்காட்சி இருந்தது ஒரே ஒரு வீட்டில். 1987-இல் ஞாயிறு காலையில் ராமாயணம் ஓடும்போது தெருவே அங்கே கூடிவிடும். பேச்சோ இந்தி, எங்களில் யாருக்கும் ஒரு வார்த்தை புரியாது. பாட்டிக்கும் புரியாதுதான்! ஆனால் கதை தெரியுமே! படம் ஓட ஓட அவள் சொல்லிக்கொண்டே வருவாள். எனக்கு நினைவில் நிற்பது படமல்ல, அவள் குரல்தான்.

பையனை அழைத்துக்கொண்டு காஞ்சீபுரத்துக்குப் புறப்பட்டேன். வைகுந்தப் பெருமாள் கோயில் திருச்சுற்றில், எட்டாம் நூற்றாண்டில், பல்லவர் வரலாற்றையே வரிசை வரிசையாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். இந்தப் படத்தில் காட்சிகள் அசையா. பார்ப்பவர்தாம் நடக்க வேண்டும். சிறுபிள்ளைக்கோ கூட ஒருவர் நடந்து கதை சொல்ல வேண்டும்.

சொன்னேன். இரண்டாம் பரமேசுவரவர்மன் இறந்த பிறகு அரசுக்கு ஆள் இல்லை. காஞ்சியிலிருந்து பெரியவர்கள் இரணியவர்மனிடம் வந்து அவன் பிள்ளைகளில் ஒருவனைக் கேட்கிறார்கள். மற்றவர்கள் பின்வாங்க, பன்னிரண்டு வயதுப் பல்லவமல்லன் மட்டும், "நான் போகிறேன்" என்கிறான். தகப்பன் தயங்குகிறான், பிறகு சம்மதிக்கிறான். அந்தச் சிறுவன்தான் நந்திவர்மனாக முடிசூடி இந்தக் கோயிலைக் கட்டியவன்.

"அவங்கப்பா ஏன் தயங்கினாரு?"

"சின்னப் பையன், தெரியாத இடம். பயம்தான்."

"அப்புறம் ஏன் விட்டாரு?"

"கூடப் பெரியவங்க இருந்தாங்கடா" என்றேன். சொன்ன பிறகுதான் அது எனக்கே உறைத்தது. தெரியாத இடத்துக்கு என் பிள்ளையை நானும் அனுப்பினேன். துணைக்கு யாரை அனுப்பினேன்?

ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொல்லிவிட்டது. ஒன்பது வயதுக்கு எங்கள் வீட்டுக் கணக்கு வேறு: இரவுச் சாப்பாடு ஆனதும் அரை மணி நேரம், பார்ப்பதை அவன் தேர்ந்தெடுப்பான், பக்கத்தில் நான் இருப்பேன். அவன் விளையாட்டுகளில் பாதி எனக்குப் புரிவதில்லை. இப்போது கதை சொல்கிறவன் அவன்தான்.

அத்தியாயங்கள் தாமதமாகின்றன. பத்திரிகை ஆசிரியர் கோபித்துக்கொள்கிறார். கோபிக்கட்டும்.