தடுப்பு

‘தடு’ என்னும் வினையடியில் ‘ப்பு’ சேர்ந்து பிறந்த பெயர். தடுப்பணை, தடுப்பூசி, தடுப்புக்காவல் எல்லாவற்றிலும் வராமல், போகாமல் நிறுத்துவதே பொருள். பாய்மரப் படகுக்குள் ஒரு நுணுக்கம் சேர்கிறது. அங்கே குறுக்குச் சுவராக நிற்கும் தடுப்பு, ஓட்டை வழியே தண்ணீர் நுழைவதை நிறுத்தாது. நுழைந்தது அடுத்த அறைக்குப் பரவாமல் அடைக்கும். சீனாவின் சுவான்சோ அருகே 1974-இல் தோண்டியெடுத்த சோங் காலக் கப்பலில் தடுப்புகள் 12, அறைகள் 13.

ஃபைபர் படகில் தடுப்பு அமைக்க, பிளைவுட்டை உட்பக்க வளைவுக்கேற்ப வெட்டி, மூலையை எபாக்சிப் பசையால் குழிவாக நிரப்பி, இருபுறமும் கண்ணாடியிழைத் துணி ஒட்டுவார்கள். பலகை விளிம்பு படகின் ஓட்டில் நேராக முட்டக் கூடாது. முட்டினால் அழுத்தம் ஒரே கோட்டில் குவியும். ஒயர் போகத் துளை போட்டுவிட்டு அடைக்க மறந்தால், அது வெறும் அலமாரிப் பலகைதான்.

கடலில்லாத அரக்கோணத்திலும் இச்சொல்லுக்கு வேலை உண்டு. அங்குள்ள தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4-ஆம் பட்டாலியன் வெள்ளத்தில் இறக்கும் ரப்பர் படகுகளில், காற்று நிரப்பும் பகுதி உள்தடுப்புகளால் தனித்தனி அறைகளாகப் பிரிந்திருக்கும். முள்ளோ கம்பியோ ஒன்றைக் கிழித்தாலும் மற்றவை மிதக்கவைக்கும். அறுத்துப் பிரித்த இடமே ‘அறை’ என்று, அதை ‘அறு’வோடு சேர்த்து விளக்கும் சொல்லாய்வாளரும் உண்டு.