டஃபியும் ஒரு ரத்தக் கணக்கும்

கொஞ்சம் நீளமான பதிவு. டீயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

போன மாதம் அமெரிக்காவிலிருந்து பழைய மாணவன் ஒருவன் ராத்திரி நேரத்தில் பேசினான். அவனோடு வேலை பார்க்கும் கறுப்பினத்தவர் ஒருவருக்கு புராஸ்டேட் புற்றுநோய். புது மருந்துச் சோதனையில் சேரப் போனவரை, ரத்தத்தில் நியூட்ரோபில் குறைவு என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். நியூட்ரோபில் என்பது வெள்ளை அணுக்களில் ஒரு வகை. கிருமி நுழைந்தால் முதலில் ஓடிவரும் காவல்காரன். "சளி காய்ச்சல்னு ஒரு நாள் படுத்ததில்ல சார் அவர். அவருக்குப் போய் எதிர்ப்புச் சக்தி இல்லைங்கறாங்களே?" என்றான்.

எனக்குப் பதில் தெரியவில்லை. இரண்டு வாரம் மகளின் லேப்டாப்பில் உட்கார்ந்து தேடினேன். தேடல் மலேரியாவில் போய் நின்றது!

1950-ல் இங்கிலாந்தில், பலமுறை ரத்தம் ஏற்றிக்கொண்ட ஒரு நோயாளியின் மூலம் புதிய ரத்த வகை ஒன்று தெரியவந்தது. அவர் பெயரையே அதற்கு வைத்தார்கள்: டஃபி. சிவப்பு அணுவின் மேல் இருக்கும் ஒரு புரதம் அது. வைவாக்ஸ் மலேரியாக் கிருமி அதைப் பிடித்துக்கொண்டுதான் அணுவுக்குள் நுழைகிறது. மேற்கு ஆப்பிரிக்க மக்களில் மிகப் பெரும்பாலோரின் சிவப்பு அணுவில் இந்தப் புரதம் இல்லை. கைப்பிடி இல்லாத கதவு. வைவாக்ஸ் அவர்களை அரிதாகவே தொடுவதற்கு இதுதான் காரணம் என்று 1976-ல் லூயிஸ் மில்லர் குழுவினர் காட்டினார்கள். அடிமைக் கப்பல்களில் ஏற்றப்பட்டவர்களோடு இந்த மரபும் அட்லாண்டிக் கடலைத் தாண்டியது. இன்று அமெரிக்கக் கறுப்பினத்தவரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு டஃபி இல்லை.

2009-ல் இன்னொன்று தெரிந்தது. இதே மரபணு மாற்றம்தான் ரத்தத்தில் நியூட்ரோபில் எண்ணிக்கையையும் குறைத்துக் காட்டுகிறது. அதனால் அவர்களுக்குத் தொற்று அதிகம் வருவதில்லை. அது அவர்களுக்கு இயல்பான அளவு. ஆனால் பல மருந்துச் சோதனைகளில் ஒரு மைக்ரோலிட்டருக்கு 1500 இருந்தால்தான் இடம். அந்த "இயல்பு" பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரைப் பார்த்து வகுத்தது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எடை அட்டையைப் பார்த்து ஒரு பையன் பெயருக்கு நேரே "பலவீனம்" என்று சிவப்பு மையில் எழுதினேன். அந்த வருஷம் ஓட்டப்பந்தயத்தில் பள்ளிக்கே முதலாக வந்தவன் அவன். இப்போது பேரன் எடுத்துவிட்டான். இதைப் படித்தால் மன்னித்துக்கொள்ளப்பா.

அமெரிக்காவில் புராஸ்டேட் புற்றுநோயால் கறுப்பின ஆண்கள் வெள்ளையரைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு சாகிறார்கள். உடலில் வேறுபாடே இல்லை என்று சொல்ல முடியாது. 2008-ல் அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவன ஆய்வாளர்கள் கட்டிகளை ஒப்பிட்டபோது, எதிர்ப்புச் சக்தி சார்ந்த மரபணுக்கள் கறுப்பினத்தவரிடம் வேறு விதமாக இயங்குவதைக் கண்டார்கள். ஆனால் வேறுபாடு என்றால் குறை என்று அர்த்தமா? நோயாளியின் சொந்த அணுக்களையே புற்றுநோய்க்கு எதிராகப் பழக்கும் சிபுலூசெல்-டி என்ற சிகிச்சைக்கு 2010-ல் அனுமதி கிடைத்தது. அதைப் பெற்றவர்களின் பதிவேட்டை 2020-ல் ஆராய்ந்தபோது, கறுப்பினத்தவர்தான் அதிக காலம் வாழ்ந்திருந்தார்கள்.

2019-ல் வெளியான ஆய்வு 3 லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் கணக்கைப் பார்த்தது. முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளிலும் முறையான மருந்துச் சோதனைகளிலும், அதாவது எல்லோருக்கும் ஒரே மாதிரி வைத்தியம் கிடைத்த இடங்களில், நோயின் நிலையைக் கணக்கில் கொண்டு பார்த்தால், இந்தப் புற்றுநோயால் சாவதில் கறுப்பினத்தவர் வெள்ளையரைவிட மோசமாக இல்லை. அப்படியானால் அந்த இரண்டு மடங்கில் பெரும்பங்கு எங்கிருந்து வருகிறது என்று என் மாணவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

டஸ்கிகீ நினைவிருக்கிறதா? 1932 முதல் 1972 வரை, சிஃபிலிஸ் வந்த கறுப்பின ஆண்களை, பென்சிலின் வந்த பிறகும் சிகிச்சை தராமல் அரசே வேடிக்கை பார்த்தது. அந்த ஊரில் "ஆராய்ச்சிக்கு வாருங்கள்" என்றால் யார் வருவார்கள்? நம்பி வந்தவரைத்தான் இப்போது 1500 என்ற எண் திருப்பி அனுப்பியிருக்கிறது.

இதையெல்லாம் மாணவனிடம் சொன்னேன். போன வெள்ளிக்கிழமை அவர் டஃபி பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்திருக்கிறாராம். முடிவு இன்னும் வரவில்லை. வந்ததும் எழுதுகிறேன்.