நுரையீரலுக்கும் ஸ்கேனா?

கர்ப்பிணிக்கு மூச்சு வாங்கினால் "பிள்ளை மேலே ஏறியிருக்கு, அப்படித்தான்" என்பார்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். பெரும்பாலும் சரிதான். ஆனால் ரத்தக் கொதிப்பு எகிறி நுரையீரலில் நீர் கோத்திருந்தால்? இங்கே பெங்களூரில் நம்மவர் வீடுகளில் எக்ஸ்ரே என்றாலே நடுக்கம். (மார்பு எக்ஸ்ரேயில் சிசுவுக்குப் போகும் கதிர் மிகச் சொற்பம் என்பது வேறு விஷயம்.)

1958-இல் கிளாஸ்கோவின் இயான் டொனால்ட் குழு 'லான்செட்' இதழில் எழுதியதோடு ஸ்கேன் பிரசவ மருத்துவத்துக்குள் நுழைந்தது. நுரையீரலை மட்டும் தள்ளி வைத்தார்கள். காற்று இருந்தால் படம் விழாதாம்! பிரான்சின் டேனியல் லிக்டென்ஸ்டைன் இதைத் திருப்பிப் போட்டார். படம் வேண்டாம், திரையில் விழும் போலிக் கோடுகளே போதும் என்றார். நீர் கோத்த நுரையீரலில் அவை மேலிருந்து கீழாக வெள்ளையாய் இறங்கும். கணக்கு இடிக்கிற இடத்தில்தான் சேதி இருக்கும் என்று நம்பும் வங்கிக்காரனுக்கு இது பிடிக்காமல் போகுமா?

2008-இல் அவர் வெளியிட்ட ஆய்வில், மூச்சுத்திணறலோடு தீவிர சிகிச்சைக்கு வந்த 260 பேரில் 90.5 சதவீதத்தினருக்குக் காரணம் சரியாகப் பிடிபட்டது. 2014-இல் பிரெஞ்சு மருத்துவர்கள் கொதிப்பு முற்றிய 20 கர்ப்பிணிகளைப் பார்த்தார்கள். 5 பேரின் நுரையீரலில் நீர்.

நம் நாட்டில் கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஸ்கேன் கருவியைப் பதிவு செய்தாக வேண்டும். நுரையீரல் பார்க்கத்தான் என்று சொல்லி அதை நினைத்த இடத்துக்குத் தூக்கிப் போக முடியாது.